மருந்துக்குச் சாகிற கிருமி நம் பொதுச்சொத்து

(பசுவந்தனையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உளுந்திலும் பாசியிலும் களையெடுக்கிற நேரம் இது. அதை விட்டுவிட்டு இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். ஆண்டுதோறும் நவம்பர் 18 முதல் 24 வரை, கிருமிக்கொல்லி மருந்துகளைப் பற்றிய விழிப்புணர்வு வாரமாக உலக சுகாதார நிறுவனம் கொண்டாடுகிறது. அதை ஒட்டித்தான் என்னை அழைத்தீர்கள். மருத்துவக் கல்லூரி ஒன்றின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் நான். நோயாளியின் முகத்தைவிட அவருடைய சளியையும் சிறுநீரையும் அதிகம் பார்த்தவன். அந்தப் பக்கத்திலிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன்.

மழைக்காலம் வந்தால் நம் ஊர்ப் பக்கத்து மெடிக்கல்களில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது: “அண்ணாச்சி, காய்ச்சலும் சளியுமா இருக்கு, ரெண்டு நாளைக்கு ஒரு செட்டு மாத்திரை குடுங்க.” அண்ணாச்சியும் கத்தரிக்கோலை எடுத்து, அட்டையில் இரண்டு, இன்னொரு அட்டையில் இரண்டு என்று வெட்டி, ஒரு காகித உறையில் போட்டுக் கொடுக்கிறார். உள்ளே காய்ச்சலுக்கு ஒரு பாராசிட்டமால் இருக்கும், சளிக்கு ஒன்று இருக்கும், வயிறு எரியாமல் இருக்க ஒன்று இருக்கும். கூடவே பல நேரம் அசித்ரோமைசினோ அமாக்சிசிலினோ சிப்ரோஃப்ளாக்சசினோ இருக்கும். வெட்டிய அட்டையில் மருந்தின் பெயர் பாதி போயிருக்கும். காலாவதித் தேதி இன்னொருவர் வீட்டுக்குப் போயிருக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்பதற்கு அடையாளமான சிவப்புக் கோடும் கத்தரியில் துண்டாகியிருக்கும்.

அந்த உறைக்குள் இருக்கிற ஒரு மாத்திரையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. பாராசிட்டமாலை நான் தேவையில்லாமல் விழுங்கினால் கேடு எனக்கு மட்டும்தான். ஆன்டிபயாடிக்கைத் தேவையில்லாமல் விழுங்கினால், நாளைக்கு உங்கள் பிள்ளைக்கு அது வேலை செய்யாமல் போகலாம். ஒருவர் உட்கொள்வது இன்னொருவருக்குப் பலிக்கும் பலனைக் குறைக்கிற மருந்து இது. கிருமிக்கொல்லிகளைத் தவிர மருந்துக் கடையில் வேறு எந்தச் சரக்கையும் இப்படிச் சொல்ல முடியாது.

மண் தந்த மருந்து

1928-இல் லண்டனில் அலெக்சாண்டர் ஃப்ளெமிங் ஒரு பூஞ்சையிலிருந்து பெனிசிலினைக் கண்ட கதை பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். நமக்கு நெருக்கமான கதை அதற்குப் பிறகு வருவது. 1943-இல் அமெரிக்காவில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர், மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற நுண்ணுயிரியிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். காசநோயைக் குணமாக்கிய முதல் மருந்து அதுதான். கோடை வெடிப்பு விட்ட கரிசலில் முதல் மழை விழுந்ததும் ஒரு வாசம் கிளம்புமே, அந்த வாசத்தைத் தருவதில் பெரும்பங்கு இந்த வகை நுண்ணுயிரிகளுக்குத்தான்.

பிறகு உலகம் முழுக்க மண்ணை அள்ளி ஆராய்ந்தார்கள். பிலிப்பைன்ஸ் மண்ணிலிருந்து எரித்ரோமைசின் கிடைத்தது, போர்னியோ காட்டு மண்ணிலிருந்து வான்கோமைசின் கிடைத்தது. 1948-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை. அதைக் கண்டவர் பெஞ்சமின் டக்கர். அவர் வேலை செய்த லெடர்லி ஆய்வகத்தின் ஆராய்ச்சித் தலைவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டுக் கப்பலேறியவர்.

ஒரு மண்ணில் மருந்தைச் சுரக்கிற உயிர் இருந்தால், பக்கத்திலேயே அந்த மருந்துக்குச் சாகாத உயிரும் இருக்கும். கனடாவில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணில், பெனிசிலின் வகைக்கும் டெட்ராசைக்ளினுக்கும் வான்கோமைசினுக்கும் ஈடுகொடுக்கும் மரபணுக்களை 2011-இல் கண்டெடுத்தார்கள். அந்த மண் உறைந்த காலத்தில் மெடிக்கலும் இல்லை, மருத்துவரும் இல்லை. ஆகவே மருந்து எதிர்ப்பை நாம் உண்டாக்கவில்லை. எங்கோ மூலையில் கிடந்ததை ஊர் முழுக்கப் பெருக வைத்தோம்.

நம்மை விட்டுக் கிருமியை மட்டும்

கிருமியைக் கொல்லும் நஞ்சுகள் பல உண்டு. நம்மைக் கொல்லாமல் அதை மட்டும் கொல்ல வேண்டும், அதுதான் கடினம். கிருமியிடம் இருந்து நம்மிடம் இல்லாத ஒன்றைத் தேடிப் பிடித்து அடிக்க வேண்டும்.

பாக்டீரியாவைச் சுற்றி ஒரு கெட்டிச் சுவர் உண்டு. நம் உடம்பின் செல்களுக்கு அப்படிச் சுவர் கிடையாது. பெனிசிலின், அமாக்சிசிலின், செஃப்ட்ரையாக்சோன் எல்லாம் அந்தச் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கின்றன. சுவர் பலவீனமானதும் உள்ளழுத்தம் தாங்காமல் பாக்டீரியா வெடிக்கிறது. பாக்டீரியா புரதம் செய்கிற இடத்துக்கு ரைபோசோம் என்று பெயர். நமக்கும் ரைபோசோம் உண்டு, ஆனால் அமைப்பு வேறு. அந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு வேலை செய்பவை டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின், ஜென்டாமைசின். சிப்ரோஃப்ளாக்சசின், பாக்டீரியா தன் மரபுச் சரடைப் பிரித்து நகலெடுக்கும்போது குறுக்கே நிற்கிறது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், மரபணுவில் இருக்கும் கட்டளையைப் படிக்கவிடாமல் செய்கிறது. ஐசோநியாசிட், காசநோய்க் கிருமியின் மெழுகு போர்த்திய மேலுறையைச் செய்யவிடாமல் தடுக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டால் ஒரு கேள்விக்குத் தானாக விடை கிடைத்துவிடும். சாதாரண சளி, ஃப்ளூ, டெங்கு, சிக்குன்குனியா எல்லாம் வைரஸால் வருபவை. வைரஸுக்குச் சுவரும் கிடையாது, சொந்த ரைபோசோமும் கிடையாது. ஆன்டிபயாடிக் அங்கே போய் எதை அடிக்கும்? “மாத்திரை போட்டேன், அஞ்சு நாள்ல சளி போயிருச்சு” என்கிறோம். போடாமலிருந்தாலும் ஏறக்குறைய அஞ்சு நாளில் போயிருக்கும். வைரஸுக்குத் தனி மருந்துகள் உண்டு. அக்கி அம்மைக்கு அசைக்ளோவிர் கொடுக்கிறார்கள், எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்துகள் இருக்கின்றன. அவை வேறு குடும்பம்.

பூஞ்சையும் வேறு குடும்பம். இந்த வெக்கையிலும் வேர்வையிலும் தொடை இடுக்கிலும் இடுப்பிலும் வட்டம் வட்டமாகப் படர்தாமரை வருகிறது. நாம் கடையில் வாங்குகிற பல களிம்புகளில் பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. தடவிய இரண்டாம் நாளே அரிப்பு நிற்கும், சிவப்பு மறையும். பூஞ்சை மட்டும் ஸ்டீராய்டின் தயவில் உள்ளே பரவிக்கொண்டிருக்கும். டெர்பினாஃபின் என்ற நல்ல மருந்துக்கே அசையாத படர்தாமரைப் பூஞ்சை ஒன்று நம் நாட்டில் பெருகிவிட்டது. 2020-இல் அதற்கு வைத்த பெயரிலேயே இந்தியா இருக்கிறது: ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே. நமக்குப் பெருமை தரும் பெயர் அல்ல.

உயிர் காக்கும் இடம்

இவ்வளவு சொல்வதால் ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வேண்டிய இடத்தில் ஒரு மணி நேரம் தாமதித்தாலும் உயிர் போய்விடக்கூடும்.

நம் காட்டுவேலைக்கே உரிய ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். புதரிலும் புல்லிலும் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உண்ணிக்குஞ்சு கடிப்பதால் வருவது ஸ்க்ரப் டைஃபஸ். உண்ணிக்காய்ச்சல் என்கிறோம். மழை பிடித்து, களையெடுக்கவும் ஆடு மேய்க்கவும் போகிற மாதங்களில் தமிழ்நாடு முழுக்கத் தலைகாட்டுகிறது. விடாத காய்ச்சல், தலைவலி. அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ மார்புக்கு அடியிலோ, சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அதனால் நோயாளியே பார்த்திருக்க மாட்டார். உடம்பைத் திறந்து பார்க்கிற மருத்துவர்தான் கண்டுபிடிப்பார். பெனிசிலின் வகை ஊசி எத்தனை போட்டாலும் இந்தக் கிருமி அசையாது. டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரை போதும், பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கும். முற்றிப்போனவர்களுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியே ஏற்றுவது, ஒன்றை மட்டும் ஏற்றுவதைவிட நல்லது என்று காட்டிய ஆய்வு வேலூர் சி.எம்.சி. தலைமையில் இந்தியாவின் 7 மருத்துவமனைகளில் சுமார் 800 நோயாளிகளிடம் நடந்தது. 2023-இல் வெளியான ஆய்வு அது.

இந்தக் காய்ச்சலுக்கு ஒரு ‘செட்’டில் வேறு ஆன்டிபயாடிக்கை வாங்கிப் போட்டு நான்கு நாள் கடத்தினால், நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டு ஆளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். தவறான மருந்தால் வீணாவது காசு மட்டுமல்ல, சரியான மருந்து கொடுத்திருக்க வேண்டிய நாட்களும்தான்.

நிமோனியா, மூளைக்காய்ச்சல், டைஃபாய்டு, பிரசவத்துக்குப் பின் வரும் கர்ப்பப்பைத் தொற்று, சிறுநீர்த் தொற்று, காசநோய், தொழுநோய் எல்லாவற்றிலும் இந்த மருந்துகள்தான் கைகொடுக்கின்றன. சிசேரியன், மூட்டு மாற்று, புற்றுநோய் சிகிச்சை எல்லாம் இவற்றை நம்பித்தான் நடக்கின்றன. அதே சமயம், பிள்ளைக்குத் தண்ணியாக வயிற்றால் போகிறது என்றால் பெரும்பாலும் வேண்டியது உப்பு சர்க்கரைக் கரைசலும் துத்தநாக மாத்திரையும்தான். இரண்டு ஆன்டிபயாடிக்கைக் கலந்த மாத்திரை அல்ல. மலத்தில் ரத்தம் இருந்தால் அது வேறு கதை, மருத்துவரிடம் போங்கள்.

பக்கவிளைவுகள்

ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு குணம் உண்டு. பெனிசிலின் குடும்பம் சிலருக்கு ஒவ்வாது. தடிப்பு வரும், அரிதாக மூச்சுத் திணறி உயிருக்கே ஆபத்தாகும். ஒருமுறை அப்படி வந்தவர் எந்த மருந்தால் வந்தது என்று ஒரு சீட்டில் எழுதி மணிபர்சில் வைத்துக்கொள்ள வேண்டும். டாக்சிசைக்ளினை ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரைமணி நேரமாவது படுக்கக்கூடாது, உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். அதைச் சாப்பிடும் நாட்களில் வெயிலில் தோல் சீக்கிரம் கருகும். நம் வெயிலில் கேட்கவே வேண்டாம். டாக்சிசைக்ளினையும் சிப்ரோவையும் பாலோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் போட்டால் உடம்பில் சேராமல் போய்விடும். சிப்ரோ வகை சிலருக்குக் குதிகால் தசைநாரைப் பாதிக்கும். ஜென்டாமைசின், அமிகாசின் ஊசிகள் அளவு மீறினால் சிறுநீரகத்தையும் காதையும் தாக்கும். ஸ்ட்ரெப்டோமைசின் போட்டுக் காது மந்தமானவர்கள் பழைய தலைமுறையில் உண்டு.

காசநோய் மருந்தில் ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும், பெண்கள் இதைத் தெரிந்திருக்க வேண்டும். ஐசோநியாசிட்டால் கை கால் மதமதக்கும், அதற்குத்தான் கூடவே பி6 வைட்டமின் தருகிறார்கள். எத்தாம்பியூட்டால் சாப்பிடுகிறவருக்கு சிவப்பும் பச்சையும் மங்கினால் அன்றைக்கே சொல்ல வேண்டும். கண் மஞ்சளானாலும், சாப்பாடு கண்டாலே குமட்டினாலும் காத்திருக்கக்கூடாது.

எல்லா ஆன்டிபயாடிக்குக்கும் பொதுவான ஒரு பக்கவிளைவு குடலில் நடக்கிறது. நம் குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. பெரும்பாலானவை நமக்கு வேண்டியவை. தொண்டைப் புண்ணுக்குப் போட்ட மாத்திரை தொண்டையோடு நிற்பதில்லை. குடலில் இருக்கும் சாதுவான பாக்டீரியாவையும் கொல்லும், வயிற்றால் போகும். அங்கே மருந்துக்குச் சாகாமல் மிஞ்சுவது எது என்பதில்தான் பெரிய பிரச்சினை தொடங்குகிறது.

பருத்திக் காட்டில் பார்த்தது

ஆய்வகத்தில் நோயாளியின் சிறுநீரிலிருந்து வளர்த்த பாக்டீரியாவை ஒரு வட்டத் தட்டில் பூசுவோம். அதன்மேல் மருந்து ஊறிய காகித வில்லைகளை வைப்போம். ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர் அகலம்தான். மறுநாள் காலையில் தட்டு முழுக்கப் பாலாடை மாதிரி பாக்டீரியா படர்ந்திருக்கும். வேலை செய்கிற மருந்தின் வில்லையைச் சுற்றி மட்டும் தெளிவான ஒரு வட்டம் இருக்கும். வேலை செய்யாத மருந்தின் வில்லையை ஒட்டியே கிருமி முளைத்திருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு தட்டில் ஒன்றிரண்டு வில்லைகள்தான் தோற்றிருக்கும். பிற்காலத்தில், தெளிவான வட்டம் எந்த வில்லைக்காவது இருக்கிறதா என்று தேட வேண்டிய தட்டுகள் வரத் தொடங்கின.

இது எப்படி நடக்கிறது என்று பசுவந்தனைக்காரர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பருத்திக் காட்டில் நீங்களே பார்த்தது. கருங்கண்ணி போய் வீரிய ரகம் வந்தது, காய்ப்புழு வந்தது, மருந்தடித்தோம். முதல் வருடம் ஒரு டேங்க் அடித்ததும் புழு கொட்டியது. பிறகு இரண்டு, மூன்று, பத்து. 1987-88 பருவத்தில் ஆந்திராவின் குண்டூர், பிரகாசம் மாவட்டங்களில் விவசாயிகள் விடாமல் அடித்தும் புழு சாகாமல் பருத்தியே போனது. எந்தப் புழுவும் மருந்து குடித்துப் பழகிக்கொள்ளவில்லை. ஆயிரத்தில் ஒன்று பிறவியிலேயே சாகாத புழு. மற்றவை செத்ததால் காடு அதற்குச் சொந்தமாயிற்று.

2002-இல், காய்ப்புழுவைத் தானே கொல்லும் பி.டி. பருத்தி வந்தபோது 450 கிராம் விதைப் பொட்டலத்தோடு 120 கிராம் சாதா விதையையும் சேர்த்துக் கொடுத்தார்கள், ஓரத்தில் விதைக்கச் சொல்லி. எத்தனை பேர் விதைத்தோம்? “புழுத் திங்கிறதுக்கு எதுக்கு எடம்?” என்று மூலையில் போட்டோம். அந்த ஓரச் செடியில்தான் மருந்துக்குச் சாகிற சாதுப் புழு பிழைத்துக் கிடக்கும். சாகாத புழுவோடு அது கூடினால் பெரும்பாலும் சாகிற குஞ்சு பிறக்கும். அந்த ஓரம் இல்லாமல் போனதும் ஒரு காரணமாகி, இளஞ்சிவப்புக் காய்ப்புழு பி.டி.யையே தின்னத் தொடங்கிவிட்டது. குஜராத்தில் அது நடந்ததை 2010-இல் விதை நிறுவனமே ஒப்புக்கொண்டது.

நான் இன்று சொல்ல வந்த ஒரே செய்தி இதிலிருந்து வருகிறது. மருந்துக்குச் சாகிற கிருமி நம் எதிரி அல்ல, நம் சொத்து. மருந்து வேலை செய்வது அட்டையில் இருக்கும் பொடியால் மட்டுமல்ல, அதற்குச் சாகத் தயாரான கிருமி ஊரில் இருப்பதாலும்தான். தேவையில்லாமல் ஒரு மாத்திரை போடும்போதெல்லாம் அந்தச் சாதுக் கிருமிகளைக் கொன்று, சாகாததற்கு இடம் விட்டுக்கொடுக்கிறோம்.

ஒரு விஷயத்தில் பாக்டீரியா காய்ப்புழுவையும் மிஞ்சிவிட்டது. புழு தன் பிள்ளைக்குத்தான் குணத்தைக் கொடுக்கும். பாக்டீரியா, பக்கத்தில் இருக்கிற வேறு சாதி பாக்டீரியாவுக்கும் எதிர்ப்பு மரபணுவைத் தூக்கிக் கொடுத்துவிடும். குடலில், சாக்கடையில், ஆஸ்பத்திரிக் கழிவில் எங்கும் இது நடக்கிறது. 2010-இல் என்.டி.எம்.-1 என்ற நொதியைப் பற்றி ‘லான்செட்’ குழும இதழில் வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. கடைசிக் கட்ட மருந்தான கார்பபெனத்தையே சிதைக்கும் நொதி அது. சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 கிருமி மாதிரிகளில் அது கிடைத்தது. ‘என்.டி.’ என்று புதுடெல்லியின் பெயரை அந்த நொதிக்கு எப்படி வைக்கலாம் என்று நாட்டில் சண்டை நடந்தது. கிருமி அந்தச் சண்டையைக் கவனிக்கவில்லை.

பக்கத்து மலையாளத்தில் இன்னும் முன்பே நடந்தது. டைஃபாய்டுக்கு 1948 முதல் குளோராம்ஃபெனிகால் அருமருந்தாக இருந்தது. 1972-இல் கோழிக்கோட்டில் அதற்கு அசையாத டைஃபாய்டு பரவியது. பிறகு சிப்ரோ வந்தது, இப்போது இந்தியாவில் பெரும்பாலான டைஃபாய்டுக்கு அதுவும் எடுபடுவதில்லை. ஒவ்வொரு படியாக விலை கூடிய மருந்துக்கு ஏறிக்கொண்டிருக்கிறோம், மேலே படிகள் அதிகம் இல்லை. 2019-இல் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் மருந்துக்கு அசையாத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

சேத்துப்பட்டில் கண்ட வழி

வழியே இல்லையா? வழியைக் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னதே நம் ஊர்தான்.

1950-களில் காசநோய் என்றால் தாம்பரம் சானடோரியம் போல ஓரிடத்தில் ஒரு வருடம் படுக்க வேண்டும். நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகளோ மிகக் குறைவு. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கினார்கள். சென்னை அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்த முயற்சி. வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் முன்னின்றார். 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்தார்கள். பாதிப்பேர் சானடோரியத்துக்குப் போனார்கள், பாதிப்பேர் தங்கள் சொந்த வீட்டிலேயே இருந்தார்கள். இரு தரப்புக்கும் ஒரு வருடம் அதே இரண்டு மருந்து: ஐசோநியாசிட்டும் பாஸும்.

வீட்டில் இருந்தவர்கள் நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகள். சாப்பாடு குறைவு, ஓய்வு குறைவு. பாஸ் என்பது வாயில் வைக்க முடியாத, குமட்டுகிற மருந்து. அவர்கள் அதைச் சாப்பிடுகிறார்களா என்று அறிய ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். ஒரு வருட முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது, வீட்டில் 86 சதவீதம் பேருக்கு. வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் முடிவு வெளியானது. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடத் தொடங்கின. வசதியான கட்டிலோ மலைக்காற்றோ முக்கியம் இல்லை, சரியான மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதுதான் முக்கியம் என்று சென்னைக் குடிசைகள் நிரூபித்தன.

ஏன் இரண்டு மருந்து? கணக்குப் பாருங்கள். ஏறத்தாழ பத்து லட்சம் காசநோய்க் கிருமியில் ஒன்று ஐசோநியாசிட்டுக்குச் சாகாது. பத்துக் கோடியில் ஒன்று ரிஃபாம்பிசினுக்குச் சாகாது. நுரையீரலில் ஒரு குழி விழுந்திருந்தால் அதில் பத்துக் கோடி கிருமி இருக்கும். ஒரே மருந்தைக் கொடுத்தால், சாகாதது முன்பே உள்ளே தயாராக இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டுக்கும் தப்புகிற கிருமி கோடி கோடியில் ஒன்றுதான். அதனால்தான் இன்றும் நான்கு மருந்தில் தொடங்கி 6 மாதம். “இருமல் நின்னுருச்சு, தெம்பு வந்துருச்சு” என்று இரண்டாம் மாதம் நிறுத்துகிறவர், மருந்துக்கு அசையாத காசநோயைத் தனக்கு மட்டுமல்ல, தீப்பெட்டி ஆபீஸில் பக்கத்தில் உட்காருகிறவருக்கும் கொடுத்துவிடலாம். அந்த வகைக்கு ஒரு காலத்தில் 18 மாதத்துக்கு மேல் சிகிச்சை. இப்போது 6 மாதக் கூட்டு மருந்தை 2024-இல் நம் நாடு ஏற்றிருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனையில் சளியைக் கொடுங்கள். மருந்து எதிர்ப்பு இருக்கிறதா என்பதையும் சேர்த்து இரண்டு மணி நேரத்தில் சொல்கிற கருவி வந்துவிட்டது. மருந்தும் இலவசம்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். எல்லா நோய்க்கும் நீண்ட நாள் மருந்து வேண்டும் என்பதல்ல. சாதாரண நிமோனியாவுக்கு 5 நாள் பலருக்குப் போதும். மருத்துவர் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள், அவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு என்று எடுத்து வைக்காதீர்கள், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்காதீர்கள்.

சட்டமும் சந்தையும்

2012-இல் மருத்துவர் அப்துல் கஃபூர் முயற்சியில் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டன. எல்லாவற்றையும் ஒரே நாளில் தடுக்க முடியாது, முதலில் கடைசிக் கட்ட மருந்துகளையாவது பூட்டுவோம் என்ற நடைமுறைப் பேச்சு அது. 2014 மார்ச் முதல் எச்-1 பட்டியல் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பட்டியலில் உள்ள மருந்தை விற்றால் நோயாளி பெயர், மருத்துவர் பெயர், அளவு எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும், 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். சட்டம் நல்லதுதான். ஆனால் மருத்துவர் இல்லாத ஊரில், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு கோவில்பட்டிக்கு பஸ் ஏற முடியாதவர் அண்ணாச்சியிடம் போவதைத் தடுக்கச் சட்டம் மட்டும் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லா நேரமும் மருத்துவர் இருக்க வேண்டும் என்று நாம் கேட்பதும் மருந்தைக் காக்கும் வேலைதான்.

புது மருந்து வருமா? வருகிறது, மெதுவாக. சென்னையின் ஆர்க்கிட் நிறுவனம் கண்ட என்மெட்டாசோபாக்டம் என்ற மூலக்கூறு சேர்ந்த மருந்துக்கு 2024 பிப்ரவரியில் அமெரிக்கா அனுமதி தந்தது. கடினமான சிறுநீர்த் தொற்றுக்கான மருந்து. நமக்குப் பெருமைதான். ஆனால் பெரிய நிறுவனங்கள் பல இந்தத் துறையை விட்டே போய்விட்டன. சர்க்கரை மாத்திரையை ஆயுள் முழுக்க விற்கலாம். ஆன்டிபயாடிக்கை ஐந்து நாள்தான் விற்கலாம், அதுவும் நல்ல மருந்தாக இருந்தால் பூட்டி வைக்கச் சொல்வோம். லாபம் எங்கிருந்து வரும்?

ஆடு மாடு கோழிக்கும் இதே மருந்துகள்தான். கோழி சீக்கிரம் எடை போடத் தீவனத்தில் கலந்த கோலிஸ்டின், மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுப்பது. 2019 ஜூலையில் இந்தியா அதற்குத் தடை போட்டது. மாட்டுக்கு மடிநோய் வந்ததும் ஆன்டிபயாடிக் டியூபை மடியில் ஏற்றிவிட்டு அன்றைய பாலையே சொசைட்டியில் ஊற்றக்கூடாது. கால்நடை மருத்துவர் சொல்கிற நாள் வரை அந்தப் பாலை ஒதுக்க வேண்டும். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து மடியில் பூசும் முறையைக் கால்நடைப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி முறைப்படுத்தினார். தேசிய பால்வள வாரியம் அதைப் பரப்புகிறது. தொடக்க நிலையிலேயே மருத்துவரைக் கேட்டு இதைச் செய்தால் பல நேரம் டியூப் தேவைப்படாது.

நோயே வராமல் இருந்தால் மருந்தே வேண்டாம். கொதிக்க வைத்த தண்ணீர், கழிப்பறை, சோப்புப் போட்டுக் கை கழுவுதல், பிள்ளைகளுக்குத் தவறாமல் தடுப்பூசி. மருந்து எதிர்ப்புக்கு எதிரான முதல் வேலை ஆய்வகத்தில் இல்லை, குழாயடியில் இருக்கிறது.

இனி நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்லி முடிக்கிறேன். மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: “ஐயா, இதில் ஆன்டிபயாடிக் இருக்கிறதா? எதற்காக? எத்தனை நாள்?” கேட்டால் கோபித்துக்கொள்ளும் மருத்துவர் குறைவு. “ஊசி போடுங்கய்யா, அப்பத்தான் கேக்கும்” என்று நாமாக வற்புறுத்தாமல் இருப்போம். மருத்துவர்கள் பலர் நம் வற்புறுத்தலுக்குப் பயந்தும் எழுதுகிறார்கள். மெடிக்கல் அண்ணாச்சியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு கடையில் இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போவது நாம்தான். ஊரே கேட்பதை நிறுத்தினால், அவரும் செட்டுப் போடுவதை நிறுத்துவார். மகளிர் குழுக் கூட்டத்தில், பள்ளி இறைவணக்கத்தில், பால் சொசைட்டியில் இதைப் பேசுங்கள்.

ஃப்ளெமிங் 1945-இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, குறைந்த அளவில் மருந்தை உட்கொண்டு, மருந்துக்குச் சாகாத கிருமியை வளர்த்துவிடாதீர்கள் என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கையை மதித்து நடப்பது எப்படி என்று சேத்துப்பட்டு ஆய்வில் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்ட ஏழைகள் உலகத்துக்குக் காட்டினார்கள். அவர்களிடம் பணம் இல்லை, படிப்பும் அதிகம் இல்லை, குமட்டுகிற மருந்தை ஒரு வருடம் விடாமல் விழுங்கும் ஒழுங்கு இருந்தது. அவர்களால் முடிந்தது நம்மாலும் முடியும். நமக்கு அதைவிட எளிய வேலை: தேவையில்லாததை விழுங்காமல் இருப்பது.

வீட்டில் மீதி வைத்திருக்கும் மாத்திரை அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். கொண்டுவந்தவர்கள் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள். எது எதற்கு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.